வரைபடத்தில் வீதி, உறுதியில் தனியார் காணி

யாழ்ப்பாணத்தில் பத்துப் பரப்புக் காணி விற்பனைக்கு வந்தால் அதை ஒருவரே முழுதாக வாங்குவது இப்போது குறைவு. தரகர் வருவார், நில அளவையாளர் வருவார், நடுவே ஒரு வழி கீறப்படும், இரு பக்கமும் துண்டுகள் விலைப்படும். அந்த வழிக்கும் வரைபடத்தில் ஓர் இலக்கம் உண்டு. வாங்குபவர்கள் தங்கள் துண்டின் இலக்கத்தைத்தான் பார்க்கிறார்கள்.

வரைபடத்தில் வீதி என்று எழுதியிருப்பதால் மட்டும் அது பிரதேச சபையின் வீதி ஆகிவிடாது. உரிமையாளர் அதைச் சபையிடம் ஒப்படைத்து, சபையும் ஏற்றுத் தன் வீதிப் பட்டியலில் சேர்க்கும்வரை அது தனியார் வழிதான். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் காணியைத் துண்டாக்க அங்கீகாரம் தேவை. ஆனால் அந்த அங்கீகாரம் வழியின் உரிமையை எவருக்கும் மாற்றிக் கொடுப்பதில்லை. வாங்கியவருக்கு நடந்துபோகும் பாத்தியதை இருக்கும். நிலமோ பெரும்பாலும் விற்றவரின் பெயரிலேயே கிடக்கும்.

வித்தியாசம் மாரியில் தெரியும். முழங்காலளவு வெள்ளம் நிற்கும்போது சபைக்குப் போனால், 'அது எங்கள் வீதி இல்லை' என்பார்கள். சோலை வரி கட்டுகிறவருக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் பொதுப்பணத்தைத் தனியார் நிலத்தில் கொட்ட முடியாது என்பதிலும் நியாயம் உண்டு. தெருவிளக்கு, வெள்ளவாய்க்கால், குப்பை உழவு இயந்திரம் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலேயே தடைப்படுகின்றன.

சரி, ஒப்படைத்துவிடலாம் என்றால் கையெழுத்து வைக்க வேண்டியவர் எங்கே? கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். அற்றோணித் தத்துவத்தில் விற்றவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் அவரோடு முடிந்துவிடும். பிறகு நாலு நாடுகளில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரிடமும் கையெழுத்துக் கேட்க வேண்டும். போர் சிதறடித்த குடும்பங்களில் ஓர் ஒழுங்கைக்காக அது நடக்கும் என்று நம்புவது கடினம்.

வலிகாமம் வடக்கில் நிலைமை இன்னும் சிக்கலானது. 1990இல் வெளியேறியவர்கள் திரும்பியபோது வேலியும் கதியாலும் இல்லை, ஒழுங்கைகளைப் பற்றை மூடியிருந்தது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி பத்து வருடத் தடையற்ற பாவனையால் வழியுரிமை கோரலாம். இரண்டு தசாப்தங்களுக்கு மேல் முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்தவர் எந்தப் பாவனையைக் காட்டுவார்?

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு 2025 மே தேர்தல் வரை கேட்க ஓர் உறுப்பினரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். வழியை ஒப்படைக்கும் உறுதி இல்லாமல் துண்டாக்கல் வரைபடத்தை ஏற்காதிருப்பதே சபைகள் செய்யக்கூடிய எளிய காரியம் என்பது எமது கருத்து. வருமானம் குறைந்த சபைகள் இதற்குத் தயங்கும். ஒவ்வொரு புதிய ஒழுங்கையும் ஒவ்வொரு பராமரிப்புச் செலவு. அப்படியானால் விற்பவரே வாய்க்காலும் கிறவலும் போட்டுக் கொடுக்கட்டும். துண்டுக்குத் துண்டு இலாபம் பார்ப்பவர் அவர்தானே.

அதுவரை, முற்பணம் கொடுக்கும் முன் நொத்தாரிசிடம் வழியின் இலக்கத்தைக் காட்டி, அது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு சபைக்குப் போய், அந்த வழி அவர்களின் வீதிப் பட்டியலில் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.