காகித நாய் காவல் காக்குமா?

மாடு வாங்கப் புறப்படும் உழவன் பல்லைப் பார்க்கிறான், சுழியைப் பார்க்கிறான், நாலடி நடத்தியும் பார்க்கிறான். விற்பவன் அடுத்த ஊரவன்; நாளையும் முகம் காண வேண்டியவன். அப்படியிருந்தும் பார்த்தே வாங்குகிறான். இத்துணை விழிப்புள்ள நம் மக்களிலே சிலர், கடல் கடந்து ஒரு நாயை வாங்கும்போது மட்டும் கைத்தொலைபேசியில் வந்த படமொன்றை நம்பி இலட்சக்கணக்கான ரூபாயை அனுப்பிவிடுகின்றனரே, இது என்ன விந்தை!

வெல்லாவெளியைச் சூழ்ந்த படுவான்கரை வயல்வட்டைகளில் நாய் வெறும் அழகுப் பொருளன்று. இரவிலே பரணில் கண்விழித்திருப்பவனுக்கு அதுவே துணை. பன்றி வரும் திசையையும் யானை வரும் திசையையும் முதலில் அறிவது அதுவே. மாட்டுப்பட்டிக்கும் அதுவே காவல். ஆகவே நல்ல நாய் வேண்டும் என்னும் ஆசையை நாம் பழிக்கவில்லை. அல்சேஷன் வளர்க்க விரும்பும் ஆசிரியரையோ மருத்துவரையோ, “காசு அனுப்புகிறேன் தம்பி, நல்ல சாதி நாயாகப் பார்த்து வாங்கு” என்று இலண்டனிலிருந்து சொல்லும் அண்ணனையோ நாம் குறை கூறவில்லை. காணாத பொருளுக்குக் காசு கொடுக்கும் பழக்கத்தையே கண்டிக்கிறோம்.

தனி மனிதனை விடுங்கள். அரசாங்கம் வாங்கிய கதையைப் பாருங்கள். அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 20,000 கறவை மாடுகளைத் தருவிக்க இலங்கை அரசு ஓர் ஏற்றுமதி நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்தது. முதற் தொகுதியாக 5,000 மாடுகள் வந்திறங்கின. 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த செய்திகள் யாவை? மாடுகள் நோயுற்றன, இறந்தன, சினைப்படவில்லை, சொன்ன அளவு பால் கறக்கவில்லை என்று பண்ணையாளர் கதறினர். விற்றவர்களோ பராமரிப்பைக் காரணம் காட்டினர். குற்றம் எவருடையதாயினும் ஆகுக; கடன் பட்டு வாங்கியவனுக்கே கடன் எஞ்சியது. அதிகாரிகளும் நிபுணர்களும் உடன்படிக்கைப் பத்திரங்களும் உள்ள அரசாங்கத்தின் கொள்வனவே இப்படியானால், தனியொரு கமக்காரனின் கதி என்ன?

அந்த வாணிபத்தில் மாடுகளாவது வந்து சேர்ந்தன. நாய் வாணிபத்திலோ நாயே இல்லாமலும் விற்பனை நடக்கிறது! அமெரிக்காவின் பெட்டர் பிஸினஸ் பீரோ என்னும் நுகர்வோர் அமைப்பு 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நாய்க்குட்டி விற்பனை என்ற பெயரில் நடக்கும் இணைய மோசடியை விரிவாக எடுத்துக்காட்டியது. மோசடிக்காரர் பலர் ஆபிரிக்காவின் கமரூன் நாட்டிலிருந்து இயங்குவதையும் சுட்டியது. அவர்களுடைய வழி எங்கும் ஒன்றே. முதலில் மலிவான விலை. பணம் போனபின் கூண்டுக்குக் கட்டணம், பின்பு காப்புறுதி, அதன்பின் தடுப்பூசி. இனி முடியாது என்று நீங்கள் சொன்னால், “குட்டி விமான நிலையத்தில் பட்டினி கிடக்கிறது, உங்கள்மேல் வழக்கு வரும்” என்று மிரட்டல். இல்லாத குட்டிக்காக இரக்கப்பட்டு இருப்பதையும் இழப்பவர் எத்தனை பேர்!

விற்பவன் நேர்மையானவன் என்றே வைத்துக்கொள்வோம். நோய் என்னும் ஆபத்து அப்பொழுதும் உண்டு. 2021 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அசர்பைஜான் நாட்டிலிருந்து நாய்க்கூட்டமொன்று அமெரிக்காவின் சிக்காகோவில் வந்திறங்கியது. தடுப்பூசிச் சான்றிதழ்களும் உடன் வந்தன. எனினும் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வீட்டுக்குச் சென்ற நாய்க்கு விசர்நோய் கண்டது. அடுத்த மாதமே, விசர்நோய் மிகுந்த நாடுகளிலிருந்து நாய் கொண்டுவருவதை அந்நாடு இடைநிறுத்தியது. சான்றிதழ் ஒரு காகிதம். காகிதம் நோயைத் தடுக்காது. 1893 ஆம் ஆண்டிலேயே விசர்நோய்க் கட்டளைச் சட்டம் கண்ட நம் நாட்டுக்கு இந்த அச்சம் புதிதன்று. அறிகுறி தோன்றியபின் உயிர் தப்புவது மிக மிக அரிது என்பதை நம் மக்கள் அறிவர்.

இனி, சுவாத்தியத்தையும் எண்ண வேண்டும். பக் போன்ற குறுமூக்கு நாய்கள் வெப்பத்தில் மூச்சுத் திணறும். விமானப் பயணமே அவற்றுக்குக் கண்டம். அவற்றை ஏற்ற மறுக்கும் விமான நிறுவனங்களும் உண்டு. அல்சேஷன், லாப்ரடோர் இனங்களில் இடுப்பு மூட்டுக் குறை தாய் தந்தை வழியாகக் குட்டிக்கு இறங்கும். குளிர்நாட்டில் வளர்ந்த குட்டிக்கு நம் ஊர் உண்ணிகள் பரப்பும் காய்ச்சல் புதிது. இன்னொன்றையும் பரண் காப்போர் மறக்கலாகாது. பழக்கமற்ற நாய் யானையைச் சீண்டிவிட்டு எசமானிடமே ஓடிவரும். யானையையும் உடன் கூட்டிவரும்!

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

முதலில் அனுமதி, கடைசியில் பணம். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்படி, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதிப்பத்திரம் இன்றி நாயைக் கொண்டுவர இயலாது. எந்த இனத்துக்குத் தடை, எவ்வெப் பரிசோதனை தேவை என்பதை விற்பவனிடம் கேளாதீர்கள்; திணைக்களத்திடமே கேளுங்கள்.

இரண்டாவது, அந்த நாட்டிலுள்ள உறவினர் ஒருவர் நேரிலே போய்க் குட்டியையும் அதன் தாயையும் பார்க்கட்டும். நம் ஊர்களின் பிள்ளைகள் இல்லாத நாடு எது? காசு அனுப்பும் அண்ணன் காலையும் அனுப்பட்டும்! காட்ட மறுப்பவனிடம் வாங்க மறுத்துவிடுங்கள்.

மூன்றாவது, காகிதங்களை எழுதிக் கொடுத்தவரிடமே சரிபார்க்க வேண்டும். இனப்பதிவை அந்நாட்டு நாய்ச் சங்கத்திடமும், தடுப்பூசியை ஊசி போட்ட மருத்துவரிடமும், பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயை அதை ஆராய்ந்தவரிடமும் கேளுங்கள். தோலின் கீழ் பதித்த சில்லின் இலக்கமும் காகிதத்திலுள்ள இலக்கமும் ஒன்றாக வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசி வழக்கமாக மூன்று மாத வயதளவில் போடப்படுவது. அதன் பயன் உண்டாகவும் சில வாரங்கள் வேண்டும். எட்டு வாரக் குட்டியை, “எல்லா ஊசியும் போட்டாயிற்று, நாளையே அனுப்புகிறேன்” என்பவனின் சொல்லை எப்படி நம்புவது?

நான்காவது, பெயர் தெரியாத ஆளுக்குத் திரும்பப் பெறமுடியாத வழியில் பணம் அனுப்பலாகாது. வழியில் குட்டி இறந்தால் எவர் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எனினும், அந்நிய நாட்டானை மட்டக்களப்பு நீதிமன்றத்துக்கு இழுத்துவருவது இலகுவன்று என்பதையும் நினைவிற் கொள்க.

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்வோம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆகவே இறக்குமதி விதிகள் யாவும் தெளிந்த தமிழில் அச்சாகி, படுவான்கரைக் கால்நடை வைத்தியப் பணிமனைகளிலும் கிடைக்க வேண்டும். இது சலுகையன்று, உரிமை. விதி தெரியாதவனே தரகனின் வலையில் விழுகிறான்.

இவ்வளவும் செய்ய இயலாதவர் மனம் சோர வேண்டியதில்லை. வயலோரத்தில் பிறந்து, மழையையும் வெயிலையும் உண்ணியையும் அறிந்த நம் ஊர்க் குட்டியொன்றை எடுத்து, ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, வயிறார உணவிட்டு வளர்த்தால் அதுவே பரணுக்குப் போதும். அதன் தாயை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அது குரைப்பதையும் கேட்டிருக்கிறீர்கள்.

பார்த்து வாங்குங்கள், பார்க்க முடியாததை வாங்காதிருங்கள். காகித நாய் ஒருநாளும் காவல் காக்காது!