வேப்பம்பூ ரசமும் பெல்ஜியம் பீரும்

சென்னையிலிருந்து கல்கத்தா சாலையில் போனால் தமிழ்நாடு முடிகிற இடத்துக்குப் பெயர் ஆரம்பாக்கம். (முடிகிற இடத்துக்கு யார் இந்தப் பெயரை வைத்தார்களோ!) அடுத்தது தடா, ஆந்திரா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் நாலு பிரம்மச்சாரிகள் இங்கே ரூம் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் ட்ரெயினிங்குக்காக பிரஸ்ஸல்ஸ் போய்வந்தபோது முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்று கொண்டுவந்தார். லேபிளில் தாடி வைத்த குள்ளன். பெயர், ஊப்ளோன் ஷூஃப். ஆர்டென் மலைப்பக்கம் அஷூஃப் என்கிற கிராமத்தில் 2006-ல் முதலில் காய்ச்சியது.

'ஊப்ளோன்' என்றால் பிரெஞ்சு மொழியில் ஹாப்ஸ். கொடியில் கொத்தாகப் பூக்கும். கஞ்சாவுக்குப் பங்காளி முறை, ஆனால் சாது. நம் நாட்டிலும் இமாசலத்து லாஹூல் பள்ளத்தாக்கில் விளைகிறது. பீருக்குக் கசப்பு இதன் உபயம்தான். கொதியின் ஆரம்பத்திலேயே போட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியாகிவிடும். கடைசியில் போட்டால் மணம் நிற்கும். நுரை கட்டும்போது கொத்தமல்லி கிள்ளிப் போட்டு ரசத்தை இறக்கும் உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரூமில் கண்ணாடி டம்ளர் இரண்டுதான். மற்றவர்களுக்கு எவர்சில்வர். நிறம், லேசாகக் கலங்கிய பொன். வடிகட்டாத சரக்கு. பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு முறை புளிக்க விடுவதால் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். நுரை சட்டென்று அடங்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் ஆரஞ்சுத் தோல், பம்ப்ளிமாஸ், பின்னால் கொஞ்சம் மிளகு, கிராம்பு. கிராம்பு யாரும் போட்டதல்ல. ஈஸ்ட்டின் கைவேலை.

"சில்லுனு இல்லியே சார்?"

ஐஸாக இருந்தால் மணம் எழாது, நாக்கும் மரத்துப்போகும். நம்மூர் ஸ்ட்ராங் பீரை அவ்வளவு குளிரவைத்து மடமடவென்று இறக்குவது எதை மறைப்பதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் வாயில் தித்திப்பு. கசப்பு மெதுவாகப் பின்னாலிருந்து வருகிறது. விழுங்கிய பிறகும், வற்றல் குழம்பில் சுண்டைக்காய் கடித்தாற்போல அடிநாக்கில் உட்கார்ந்துகொள்கிறது. "வேப்பம்பூ ரசத்துல சோடா ஊத்தின மாதிரி இருக்கு" என்றார் கும்பகோணத்துக்காரர். இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. ஆல்கஹால் 9 சதவிகிதம். அது தெரியவே இல்லை என்பதுதான் அபாயம்.

இந்தக் கசப்பில் மதராசுக்கும் பங்கு உண்டு. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் ஹாட்ஜ்சன் கம்பெனி பீர், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கப்பலில் இங்கே வரும். கெடாமல் இருக்க ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டார்கள். அந்த வகைக்கே பிற்பாடு 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர் வந்தது. ஊப்ளோன் அதற்கும் பெல்ஜியத்து ட்ரிப்பெலுக்கும் பிறந்த பிள்ளை.

கூட்டத்தில் சின்னவன் ஒரு ஃபிட்டர். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எங்கப்பா கடை வாசல்லயே நின்னுக்கிட்டு, மூக்கைப் பொத்தி ஒரே மூச்சுல ஊத்திப்பாரு சார். மோந்து பாத்து, பேசிக்கிட்டே குடிக்கிறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"பிடிக்கலையா தம்பி?"

"பிடிச்சிருக்கு. அதான் பயமாருக்கு."

டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டான். யாரும் வற்புறுத்தவில்லை. ஊறுகாய் அவன் பக்கம் போயிற்று.

ஈஸ்ட் தானாக வந்து புளிக்கவைக்கும் பானம் நம்மிடமும் ஒன்று உண்டு, பனங்கள். தமிழ்நாட்டில் 1987-லிருந்து தடை. விஸ்கிக்கு அரசாங்கமே கடை வைத்திருக்கிறது, கள் இறக்கினால் கேஸ்! ஆந்திராவில் அதற்கு அனுமதி உண்டு. பனங்கள்ளை இப்படி மோந்து பார்த்து எழுத வேண்டுமென்றால் ஆரம்பாக்கத்தில் சூளூர்ப்பேட்டை வண்டி ஏற வேண்டும். சீஸன் வரட்டும்.