ஹார்டுவேர் வாலட் வாங்கிட்டா போதுமா? ஒரு ஆடிட்டரோட கருத்து



கிரிப்டோ வரி பத்தி வீடியோ போட்டதுல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: "சார், ட்ரெஸர் மாதிரி ஹார்டுவேர் வாலட் வாங்கணுமா?"

என் பதில்: நீங்க போட்டிருக்கிற தொகை ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டிடுச்சுன்னா வாங்குங்க. ஆனா அதை ஒரு பூட்டுன்னு நினைச்சு வாங்கினா ஏமாந்து போவீங்க.

டிஎஸ்சி டோக்கன் தெரியுமா?

எந்த ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனாலும் டிராயர்ல சின்னச் சின்ன யூஎஸ்பி டோக்கன் கிடக்கும். கம்பெனி டைரக்டரோட டிஜிட்டல் கையெழுத்துக்கான சாவி அதுக்குள்ள இருக்கு. ஃபைல் கம்ப்யூட்டர்ல தயாராகும், கையெழுத்து டோக்கனுக்குள்ள நடக்கும். சாவி வெளியவே வராது.

ஹார்டுவேர் வாலட்டும் அதே வேலையைத்தான் செய்யுது. உங்க காயின் அதுக்குள்ள இல்லை, பிளாக்செயின்ல இருக்கு. உள்ள இருக்கிறது பிரைவேட் கீ. போன்லயோ லேப்டாப்லயோ வைரஸ் இருந்தாலும் அந்தக் கீயை அதால எடுக்க முடியாது.

நிறைய டைரக்டர்கள் டோக்கனையும் பின் நம்பரையும் சேர்த்து ஆடிட்டர்கிட்டயே விட்டுட்டுப் போயிடுவாங்க. வசதிதான். ஆனா அவங்க கையெழுத்து இன்னொருத்தர் டிராயர்ல கிடக்கு. எக்ஸ்சேஞ்ச் ஆப்ல காயினை விட்டு வைக்கிறதும் இதேதான். 2024 ஜூலையில வசீர்எக்ஸ்ல சுமார் 23 கோடி டாலர் திருடு போச்சு. அதுல கிரிப்டோ வெச்சிருந்தவங்க அதை எடுக்க முடியாம ஒரு வருஷத்துக்கு மேல காத்திருந்தாங்க.

ஓப்பன் சோர்ஸ் ஏன் முக்கியம்?

ஒரு கம்பெனி வந்து, "எங்க கணக்கெல்லாம் சரியா இருக்கு, ஆனா புத்தகத்தைக் காட்ட மாட்டோம்"னு சொன்னா நான் கையெழுத்து போடுவேனா? மாட்டேன். வாலட்லயும் என் நிலை அதுதான்.

செக் குடியரசைச் சேர்ந்த சடோஷி லேப்ஸ் 2014-ல ட்ரெஸரை வெளியிட்டாங்க. உள்ள ஓடுற ஃபர்ம்வேரோட கோடை யார் வேணும்னாலும் படிச்சுப் பார்க்கலாம். நீங்களும் நானும் படிக்கப் போறதில்லை. ஆனா படிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கதவு திறந்திருக்கு, அது போதும்.

அதுக்காக ஓட்டையே இருக்காதுன்னு அர்த்தம் இல்லை. கருவி கையில கிடைச்சா, சுமார் 15 நிமிஷத்துல ட்ரெஸர் ஒன், மாடல் டி ரெண்டுலயும் ரகசிய வார்த்தைகளை எடுத்துடலாம்னு கிராக்கன் எக்ஸ்சேஞ்சோட பாதுகாப்புக் குழு 2020-ல காட்டினாங்க. தனியா ஒரு பாஸ்ஃப்ரேஸ் வெச்சிருந்தா இதுல இருந்து தப்பிக்கலாம். குறையும் வெளிய தெரியுது, தீர்வும் வெளிய தெரியுது. எனக்கு இந்த முறைதான் பிடிச்சிருக்கு.

நீங்க காசு கொடுக்கிறது அந்தச் சின்ன ஸ்கிரீனுக்கு

டிஎஸ்சி டோக்கன்ல ஸ்கிரீன் கிடையாது. கம்ப்யூட்டர் எதை நீட்டினாலும் கையெழுத்து விழும். வாலட்ல ஸ்கிரீன் இருக்கு. யாருக்கு, எவ்வளவு போகுதுன்னு அதுல காட்டும். நீங்க காப்பி பண்ற அட்ரஸை மாத்திடுற வைரஸ் எல்லாம் இருக்கு. லேப்டாப்ல தெரியுற அட்ரஸை நம்பாம, வாலட் ஸ்கிரீன்ல தெரியுறதை, அனுப்ப வேண்டியவர் தந்த அட்ரஸோட ஒத்துப் பார்த்துட்டு ஓகே அழுத்தணும்.

இதைப் படிக்காம அழுத்தினா என்ன ஆகும்? 2025 பிப்ரவரியில பைபிட் எக்ஸ்சேஞ்சுல சுமார் 150 கோடி டாலர் போச்சு. கையெழுத்து போட்டவங்ககிட்ட ஹார்டுவேர் வாலட் இருந்தது. கம்ப்யூட்டர்ல வழக்கமான பரிவர்த்தனை மாதிரி தெரிஞ்சுது, நம்பி ஒப்புதல் கொடுத்துட்டாங்க. கருவியை யாரும் உடைக்கலை!

நான் பண்ணின தப்பு

வாலட்டை முதல்ல செட் பண்ணும்போது 12 அல்லது 24 இங்கிலீஷ் வார்த்தைகள் காட்டும். அதுதான் அசல் சாவி. கருவி உடைஞ்சாலும் அந்த வார்த்தைகளை வெச்சு வேற கருவியில காயினைத் திரும்பக் கொண்டு வரலாம். நானும் பேப்பர்ல எழுதி வெச்சேன். முதல்ல ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் அனுப்பி, கருவியில எல்லாத்தையும் அழிச்சுட்டு, பேப்பரைப் பார்த்து டைப் பண்ணினேன். ஏத்துக்கலை. ரெண்டு வார்த்தையை இடம் மாத்தி எழுதியிருந்தேன். கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போச்சு. மொத்தத் தொகையையும் அனுப்பியிருந்து, ரெண்டு வருஷம் கழிச்சுக் கருவி கெட்டுப் போயிருந்தா? டிஎஸ்சி தொலைஞ்சா அடையாளச் சான்று கொடுத்துப் புதுசு வாங்கலாம். இங்க போய் நிக்க ஒரு ஆபீஸே கிடையாது.

அதனால நான் சொல்ற வரிசை இதுதான்:

1. தயாரிப்பாளரோட தளத்துல, இல்லைன்னா அவங்க அங்கீகரிச்ச விற்பனையாளர்கிட்ட மட்டும் வாங்குங்க. செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். பெட்டியிலேயே வார்த்தைகள் எழுதி வந்தா அது மோசடி.
2. வார்த்தைகளைப் போட்டோ எடுக்காதீங்க, வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. "கஸ்டமர் கேர்"னு யார் கேட்டாலும் சொல்லாதீங்க.
3. சின்னத் தொகை அனுப்பி, அழிச்சு, மீட்டுப் பார்த்த பிறகுதான் மீதி.
4. உங்க ஆப்ல காயினை வெளிய எடுக்கிற வசதி இருக்கான்னு முதல்ல பாருங்க. சிலதுல கிடையாது.

வரிக் கணக்கு

எக்ஸ்சேஞ்சுல இருந்து உங்க சொந்த வாலட்டுக்கு மாத்துறது விற்பனை இல்லை, அதனால அதுக்கு வரி வராது. விற்கும்போது லாபத்துல 30 சதவீதமும் அது மேல செஸ்ஸும் உண்டு. வாங்கின விலையை மட்டும்தான் கழிக்க முடியும். வாலட் வாங்கின செலவைக் கழிக்க முடியாது. முக்கியமா, மாத்துறதுக்கு முன்னாடி எக்ஸ்சேஞ்ச் ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் பண்ணி வைங்க. வாங்கின விலைக்கு ஆதாரம் இல்லைன்னா விற்ற முழுத் தொகைக்கும் வரி கேட்கலாம்.

கடைசியா ஒண்ணு. பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்க்குக் கிரிப்டோ வெச்சிருக்கிறவங்க இப்போ வாலட் வாங்க வேண்டாம். அந்தக் காசை எமர்ஜென்சி ஃபண்டுல போடுங்க. பெரிய தொகை இருக்கிறவங்க, அந்தப் பேப்பர் எங்க இருக்கு, அதை வெச்சு என்ன பண்ணணும்னு வீட்டுல நம்பிக்கையான ஒருத்தருக்குச் சொல்லி வைங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, பேங்க்ல நாமினி இருக்கிற மாதிரி இங்க யாரும் வந்து கேட்க முடியாது. இந்த வார இறுதியில அதைப் பேசிடுங்க.