மங்கலதேவி மலையில் இருப்பவள் யார்?



சித்ரா பௌர்ணமி நெருங்கிவிட்டால் தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் டீக்கடைகளில் பேச்சு ஒரே பக்கம் திரும்பிவிடும். மலைக்குப் போகிறோமா? குமுளியிலிருந்து ஜீப்பிலா, பளியங்குடியிலிருந்து நடந்தா? ஆண்டுக்கு ஒரே நாள் திறக்கும் கோயில் அல்லவா! அப்போதெல்லாம் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வியும் தவறாமல் இருக்கும்: 'அங்கே இருப்பது கண்ணகிதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?'

கேட்க வேண்டிய கேள்விதான். லியொனார்டோ டாவின்சி வரைந்த மோனலிசா யார் என்று உலகமே பல காலம் கேட்டது. பிளாரன்ஸ் வணிகர் ஒருவரின் மனைவி லிசா என்று, ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி 1550இலேயே எழுதிவிட்டார். ஆனாலும் சிலர் இசபெல்லா தெஸ்தே என்றார்கள், சிலர் லியொனார்டோ தன்னையே வரைந்துகொண்டார் என்றார்கள். 2005இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு கிடைத்தது. லிசாவின் படத்தை லியொனார்டோ வரைந்துகொண்டிருக்கிறார் என்று வெஸ்பூச்சி என்ற அலுவலர் 1503இல் எழுதி வைத்திருந்தார். வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

நம் கண்ணகிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த பொன்முலாம் வெண்கலச் சிலை 1830இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. முதலில் அதைப் பத்தினி தெய்வம், அதாவது கண்ணகி என்றார்கள். இன்று பௌத்தத் தெய்வம் தாரா என்கிறார்கள். அழகு குறையவில்லை, பெயர்தான் மாறியது.

நம் மலைக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் மதுரையை விட்ட கண்ணகி வைகைக் கரை வழியே மேற்கே நடந்து, நெடுவேள் குன்றத்தில் ஏறி வேங்கை நிழலில் நிற்கிறாள். அந்தக் குன்றம் எது என்பதில் உரையாசிரியர்களுக்குள்ளேயே சண்டை. அரும்பதவுரைகாரர் திருச்செங்கோடு என்றார், அடியார்க்கு நல்லார் மறுத்தார். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடவில்லை. பூம்புகாரிலிருந்து கண்ணகி போன தடத்திலேயே நடந்து, 1963இல் இந்த மலையில் வந்து நின்றார். எனக்கு மிகவும் பிடித்த சான்று அந்த நடைதான். வைகையைப் பிடித்து மேற்கே வந்தால் வருஷநாடும் கம்பம் பள்ளத்தாக்கும்தான் எதிரே நிற்கும். திருச்செங்கோடு வடக்கே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கண்ணகியைக் கண்ட குறவர்கள் சேர மன்னன் செங்குட்டுவனிடம் அந்தச் செய்தியைச் சொன்னது பேரியாற்றங்கரையில். மங்கலதேவி மலை இருப்பதோ பெரியாறு காட்டின் விளிம்பில்.

ஆனாலும் அங்குள்ள சிலையும் கல்லும் இந்த அளவுக்குத் தெளிவாகப் பேசவில்லை. இடிந்து கிடக்கும் அந்தக் கோயிலின் கல்வெட்டில் 'பூரணகிரி ஆளுடைய நாச்சியார்' என்ற பெயர் இருக்கிறது. அது எந்த அம்மனுக்கும் பொருந்தும், துர்க்கையாகவும் இருக்கலாம் என்பவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கல்வெட்டு காப்பியத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. வெஸ்பூச்சியின் குறிப்பு லியொனார்டோ தூரிகையோடு இருந்த காலத்தது. இரண்டும் ஒரே எடையுள்ள சாட்சி அல்ல. தடத்தை வைத்துப் பார்த்தால் நான் கோவிந்தராசனார் பக்கம். உருவத்தை மட்டும் வைத்துக் கேட்டால் இன்னும் ஒரு சான்று வேண்டும் என்பேன்.

அந்தச் சான்று கல்லில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பளியர் குடிகளிலும் மலையடிவாரத்து ஊர்களிலும் பாட்டிமார் சொல்லும் இடப்பெயர்கள் உண்டு: அம்மன் தண்ணீர் குடித்த சுனை, உட்கார்ந்த பாறை, நடந்த தடம். கேட்டு எழுதி அனுப்புங்கள். எந்த ஊர், எந்த ஓடைக்கு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சொன்னவரிடம் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த அத்தனையையும் ஒரு வரைபடத்தில் குறித்து, சித்திரை இதழில் நடுப்பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்