எழுதப்பட்ட சாட்சியம், எதற்கான சாட்சியம்?



ஜே எலக்ட்ரானிக்கா என்னும் அமெரிக்க ராப் பாடகரை நம் பிள்ளைகளுள் சிலர் ‘நம்மவர்’ என்று பெருமையோடு பகிர்ந்துகொள்கின்றனர். பாட்டில் அல்லாஹ்வின் திருநாமம் ஒலிக்கிறது. அது ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. பெரியவர்களோ, ‘இசை ஹராம், அணைத்துவிடு’ என்ற ஒற்றை வரியோடு தம் கடமையை முடித்துக்கொள்கின்றனர். உண்மையான ஆபத்து இரு தரப்பாரின் கண்ணிலும் படவில்லை. இசையின் சட்டம் ஃபிக்ஹுப் பாடத்தில் வருவது. இங்கே எழும் கேள்வி அகீதாவைப் பற்றியது.

இவர் அமெரிக்கத் தென்மாநிலமான லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். 2009இல் ஒரே பாடலால் புகழின் உச்சிக்குச் சென்றார். மறு ஆண்டே ஜே-ஸீயின் நிறுவனத்தில் ஒப்பந்தம் செய்தும் முதல் ஆல்பம் வரப் பத்தாண்டுகள் ஆயின. 2020 மார்ச் 13 அன்று வெளியான அதன் பெயர் ‘எ ரிட்டன் டெஸ்டிமனி’, அதாவது எழுதப்பட்ட சாட்சியம். நாற்பது பகல், நாற்பது இரவுகளில் பதிவு செய்ததாக அவரே அறிவித்தார். மூஸா (அலை) அவர்களின் நாற்பது இரவுகளை அறிந்தவருக்கு அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். அட்டையில் ஒருவர் பெயர்தான்; ஆயினும் பெரும்பாலான பாடல்களில் ஜே-ஸீயின் குரலும் சேர்ந்தே ஒலிக்கிறது.

ஆல்பத்தின் தொடக்கப் பகுதியின் தலைப்பு சூரத்துல் ஙாஷியாவின் ஆங்கிலப் பெயரை ஒத்தது. ஆனால் அதில் நாம் கேட்பது இறைவசனம் அன்று. லூயிஸ் ஃபர்ரகானின் உரை. அமெரிக்கக் கறுப்பின மக்களே உண்மையான பனூ இஸ்ராயீல் என்பது அவ்வுரையின் செய்தி. அடுத்த பாடலிலேயே தம் வரிகளைக் குர்ஆனுக்கு ஒப்பிட்டுப் பெருமை பேசுகிறார் பாடகர். அஸ்தஃபிருல்லாஹ்! இதனைக் கவிஞனின் மிகைக்கூற்று என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஃபர்ரகான் தலைமை தாங்கும் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ 1930இல் டெட்ராய்ட் நகரில் தோன்றியது. அதன் நிறுவனர் வாலஸ் ஃபர்து முஹம்மத் மனித உருவில் வந்த இறைவன் என்பதும், எலைஜா முஹம்மத் அவருடைய தூதர் என்பதும் அவ்வியக்கத்தின் போதனைகள். வெள்ளையரை யாகூப் என்ற விஞ்ஞானி உருவாக்கினார் என்றும், அவர்கள் பிறப்பிலேயே ஷைத்தான்கள் என்றும் அது கற்பித்தது. கலிமாவின் முதற்பகுதி எங்கே? நபித்துவத்தின் முத்திரையை அறிவிக்கும் 33:40 எங்கே? நிறத்தால் ஒருவர்க்கு மற்றவர்மீது சிறப்பில்லை என்ற நபி (ஸல்) அவர்களின் இறுதிப் பேருரைதான் எங்கே? பெயர் இஸ்லாம், உள்ளே இருப்பது வேறு.

நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மதுவிலும் போதையிலும் சிறையிலும் வீழ்ந்து கிடந்த எத்தனையோ பேரை அவ்வியக்கம் தூக்கி நிறுத்தியது. இந்த ஆல்பத்தின் இறுதிப் பாடலில், இறந்த தாயை எண்ணி அந்த மனிதர் துயருறும் இடம் கல்நெஞ்சையும் கரைக்கும். அதன் தலைப்பு ‘எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது. அத்துயரை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆயினும் கண்ணீர் அகீதாவைத் திருத்திவிடாது.

மால்கம் எக்ஸின் படத்தைச் சட்டையில் அணியும் நம் இளைஞர்கள், அவர் எதை விட்டு வெளியேறினார் என்பதையும் படிக்க வேண்டும். 1964இல் இதே இயக்கத்திலிருந்து விலகி, அவ்வாண்டே ஹஜ்ஜுக்குச் சென்று, எல்லா நிறத்தவரும் ஒரே அணியில் நிற்கக் கண்டு மனம் மாறியவர் அவர். 1975இல் எலைஜா முஹம்மத் இறந்தபின், அவருடைய மகன் வாரிஸ் தீன் முஹம்மத் பெருந்திரளானோரை அஹ்லுஸ் சுன்னாவின் பாதைக்குக் கொண்டுவந்தார். குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலீயும் அவர்களுள் ஒருவர். பழைய போதனைகளைச் சில ஆண்டுகளில் மீண்டும் தூக்கி நிறுத்தியவர்தான் ஃபர்ரகான். இந்த வரலாற்றை மகனிடம் சொல்லாத தந்தை, செல்பேசியைப் பறித்து வைப்பதால் என்ன பயன்? அவன் நண்பனின் செல்பேசியில் கேட்பான்.

எழுதப்பட்ட சாட்சியம் ஒன்றை அமெரிக்கத் தென்பகுதியில்தான் தேட வேண்டுமெனில், அதற்கும் வழியுண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோவில் மார்க்கக் கல்வி கற்ற உமர் இப்னு சயீத், 1807இல் அடிமையாகச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். தப்பியோடிப் பிடிபட்டபோது வட கரோலினாச் சிறைச் சுவரில் அரபியில் எழுதினார். பிற்காலத்தில் அவர் திருச்சபையில் சேர்ந்துவிட்டதாக உடைமையாளரைச் சூழ்ந்திருந்தோர் எழுதிவைத்தனர். ஆனால் 1831இல் தம் கைப்பட அரபியில் அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு பிஸ்மில்லாஹ்வுக்குப்பின் சூரத்துல் முல்க்கின் வசனங்களோடு தொடங்குகிறது. ஆட்சி யாருடைய கையில் இருக்கிறது என்று அறிவிக்கும் அந்த சூராவை, தன்மீதே தனக்கு உரிமையில்லாத ஓர் அடிமை தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. இணையத்திலும் காணலாம். பிள்ளைகளோடு அமர்ந்து அதைத் திறந்து, முதல் பக்கத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். அல்ஹம்துலில்லாஹ், நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு அந்த அரபி வரிகள் மனப்பாடம்.