தொன்மையும் விருந்தும்: மாலி நாட்டு இசை உணர்த்துவது

தொல்காப்பியனார் செய்யுளியலிலே எண்வகை வனப்புக்களை வகுத்தபொழுது, 'தொன்மை' என்பதை ஒன்றாகவும் 'விருந்து' என்பதைப் பிறிதொன்றாகவும் வைத்தார். தொன்மையாவது பழங்கதை தழுவி வருவது. விருந்தாவது புதிதாகப் புனையப்படும் யாப்பு. இவ்விரண்டையும் ஒன்றற்கொன்று பகையென அவர் கொண்டாரல்லர். ஒரே வரிசையில் நிறுத்தி, இரண்டும் வனப்பே என்றார். செய்யுளுக்கு அவர் கண்ட இவ்வுண்மை இசைக்கும் பொருந்துமா என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. நாட்டார் பாடலை மின்கிற்றாரோடும் கணினித் தாளத்தோடும் கலந்து பாடுவோர் பெருகிவிட்டனர். இதனால் மரபு வளர்கின்றது என்பர் ஒருசாரார். மரபு மாய்கின்றது என்பர் மற்றொரு சாரார்.

இவ்வழக்கைப் பொதுப்பட ஆராயின் அது வெறுஞ் சொற்போராகவே முடியும். ஆதலின் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, ஆங்கு நிகழ்ந்தவற்றை முறையே நோக்குதல் நன்று எனக் கருதுகின்றேன். மேற்கு ஆபிரிக்காவிலுள்ள மாலி நாடே யான் எடுத்துக்கொள்வது. அந்நாட்டின் கோரா வித்துவான் தூமானி டியாபாத்தே 2024 யூலை மாதத்தில், தமது ஐம்பத்தெட்டாம் வயதில், தலைநகர் பமாக்கோவிலே காலமானார். கண்பார்வையற்ற தம்பதியராய் உலகெங்கும் பாடிப் புகழ்பெற்ற அமாடு, மரியம் என்னும் இருவருள் அமாடு 2025 ஏப்பிரலில் மறைந்தார். பழைய இசையைப் புதிய உலகுக்கு எடுத்துச் சென்ற தலைமுறை கழிந்துகொண்டிருக்கின்றது. அவர்கள் விட்டுச் சென்றது யாது? அதனை இனிப் பேணுவார் யாவர்? இவையே ஈண்டு நாம் சிந்திக்கற்பாலன.

மாலியின் மாண்டே மக்களிடையே 'ஜெலி' எனப்படும் ஒரு குடியினர் உளர். பிரெஞ்சு மொழியில் இவரைக் 'கிரியோ' என்பர். அரசர்தம் குலவரலாற்றை நெஞ்சில் நிறுத்திப் பாடுதல், புகழ்தல், வழக்குத் தீர்த்தல், தூது செல்லல் ஆகியன இவர் தொழில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுன்யாத்தாவின் அவையிலே பல்லா பசேக்கே என்னும் ஜெலி இருந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. டியாபாத்தே, குயாத்தே, சிசோக்கோ முதலியன இக்குடியினரின் பெயர்கள். சங்க நூல் பயின்ற எவருக்கும் இவர்களைக் கேள்வியுற்றவுடன் பாணர் நினைவுக்கு வருவர். புரவலனை நாடிச் செல்லும் வாழ்க்கையும், இசையையும் வரலாற்றையும் ஒருங்கே சுமக்கும் கடமையும் இருவர்க்கும் பொது.

கோரா என்பது அவர்கள் கருவிகளுள் ஒன்று. பெரியதொரு சுரைக்குடுக்கையை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மாட்டுத்தோலாற் போர்த்து, நீண்ட கோலொன்றைச் செருகி, இருபத்தொரு நரம்புகளை இரு நிரையாகக் கட்டியிருப்பர். இரு கைகளின் பெருவிரலும் சுட்டுவிரலுமே அதனை இயக்குவன. முன்னாளில் தோலை முறுக்கி நரம்பு செய்தனர். இந்நாளில் மீன்பிடிக்க உதவும் நைலோன் இழையைக் கட்டுகின்றனர். சுருதி கூட்டுதற்குத் தோல்வளையம் இருந்தவிடத்திற் சிலர் கிற்றாரின் முறுக்காணியைப் பொருத்தியுள்ளனர். மாற்றம் என்பது நேற்று வந்த இசைத்தட்டு வியாபாரியோடு புகுந்ததன்று என்பதற்கு இக்கருவியே சான்று.

இன்னுமொரு சான்று கூறுவேன். மாலியின் தென்பாகத்து வாசுலு நாட்டில் வேட்டுவர்க்கே உரிய ஆறு நரம்புக் கருவியொன்று உண்டு. அது சடங்கோடு இயைந்தது. கண்டோர் தொடற்கு உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஊர் இளைஞர் சிலர் அதனைப் போலச் சிறியதொன்றைச் செய்து, சுருதியை உயர்த்தி, ஆடலுக்கு இசைத்தனர். முதியோர் சினந்தனர். அதுவே 'கமலே ங்கோனி', அஃதாவது இளைஞர் யாழ் எனப் பெயர் பெற்றது. இன்று அதனை வாசுலுவின் பழைய மரபு என்றே உலகம் போற்றுகின்றது. ஒரு தலைமுறையின் குற்றம் மறு தலைமுறையின் மரபாயிற்று.

அற்றேல், கலப்பனைத்தும் நன்றோ எனின், அன்று. அதனை உணர்தற்கு இவ்விசைக்கு வாய்த்த புரவலர் யாவர் என நோக்குதல் வேண்டும். முதற் புரவலர் அரசரும் குறுநில மன்னரும் ஆவர். 1960ஆம் ஆண்டில் மாலி சுதந்திரம் பெற்றபின் அரசாங்கமே இரண்டாவது புரவலராயிற்று. தேசிய வாத்தியக்குழு அமைந்தது. மாகாணந்தோறும் இசைக்குழுக்கள் எழுந்தன. பமாக்கோ புகையிரத நிலைய விடுதியில் வாசிப்பதற்கென 1970இல் ஒரு குழு தோன்றியது. கியூபா நாட்டுத் தாளமும் மின்கிற்றாரும் ஜெலிப் பாடலும் அவ்விடுதியிலே ஒன்றுகூடின. சுன்யாத்தாவின் வழித்தோன்றலாகிய சாலிப் கெயித்தா, உயர்குடிப் பிறந்தோர் பாடுதல் இழிவு என்னும் தடையை மீறிப் பாடியதும் அக்குழுவிலேதான்.

எண்பதுகளில் அரசின் கை சுருங்கியது. பாடகர் அபிஜானுக்கும் பாரிசுக்கும் பெயர்ந்தனர். அப்பொழுது வந்தவரே மூன்றாவது புரவலர். அஃதாவது வெளிநாட்டுச் சந்தை. 1987 யூன் மாதத்தில் வட இலண்டனிலுள்ள மதுச்சாலையொன்றிற் சிறு இசைத்தட்டுக் கம்பனியார் சிலர் கூடினர். கடைகளில் இத்தகைய இசைத்தட்டுக்களை எந்த அடுக்கில் வைப்பது என்பதே அவர்தம் கவலை. அதற்கென அவர்கள் தெரிந்த பெயரே 'உலக இசை'. நூற்றுக்கணக்கான மொழிகளின் இசையெல்லாம் ஒரு மரப்பலகையின் மேல் ஒரு பெயரில் அடங்கின. அமெரிக்காவின் கிராமி விருதுக் குழுவினர் தம் விருதொன்றின் பெயரிலிருந்து 'உலக இசை' என்னுந் தொடரை 2020இல் நீக்கினர். அது குடியேற்ற ஆதிக்கத்தின் வாடை கொண்டது என்பது அவர் கூறிய காரணம். பெயர் மாறியது, பலகை மாறியதா என்பது வேறு வினா.

இம்மூன்றாம் புரவலரால் விளைந்த நன்மையை மறுத்தல் அறமன்று. எனினும் இழப்பும் உண்டு. இரவு முழுதும் பாடப்படும் வரலாறு ஐந்து நிமிடத்திற்குக் குறுகுகின்றது. மொழி அறியாதார் முன்னிலையிற் சொல் உதிர்ந்து, ஓசை மாத்திரம் எஞ்சுகின்றது. ஜெலியின் தொழிலோ சொல்லைக் காத்தல். மொழியாசிரியனாகிய எனக்கு இவ்விழப்பே எல்லாவற்றினும் பெரிதாகத் தோன்றுகின்றது. மின்கருவி சேர்ந்ததனால் வந்த கேடு இதுவன்று. கேட்போர் மாறியதனால் வந்த கேடு.

ஆகவே, கலப்பு நன்றோ தீதோ என்னும் வினாவை விடுத்து, வேறு இரு வினாக்களை எழுப்புதல் தகும். கலப்பவன் பழைய பாட்டைக் கலப்பின்றி இசைக்க வல்லவனா? அவன் இசைக்குத் தீர்ப்புக் கூறும் செவி எவருடையது? இவ்விரு வினாக்களையும் உரைகல்லாகக் கொண்டு மாலியின் பெரியோரை நோக்குவோம்.

தூமானி டியாபாத்தே ஸ்பானிய நாட்டுப் பிளமெங்கோ இசைஞரோடு சேர்ந்தார். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கோடு வாசித்தார். இலண்டன் சிம்பொனிக் குழுவினரோடும் மேடையேறினார். ஆயினும் 1988இல் வெளிவந்த 'கைரா' என்னும் இசைத்தட்டில் அவர் கோரா தனித்தே ஒலித்தது. அடிச்சுருதியும் துணையிசையும் பண்ணும் ஆகிய மூன்றையும் ஒருவரே ஒருங்கே இசைத்தார். 1970 அளவில் அவர் தந்தையார் சிடிக்கியும் பிறரும் 'பழைய நரம்புகள்' என்னும் பொருளுடைய இசைத்தட்டொன்றை வெளியிட்டிருந்தனர். பாலாக்கே சிசோக்கோவின் தந்தையாரும் அதில் வாசித்தவர். மைந்தர் இருவரும் 1997 செப்டெம்பர் 22ஆம் நாள், நாட்டின் சுதந்திர தினத்து இரவில், பமாக்கோவிலுள்ள மாநாட்டு மாளிகையின் பளிங்கு மண்டபத்தே அமர்ந்து, இரண்டு கோராக்களைத் தவிர வேறெதுவுமின்றி வாசித்தனர். 'புதிய பழைய நரம்புகள்' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். தந்தையரை அவ்வாறே திருப்பிச் சொன்னாரல்லர். தந்தையர்க்கு மறுமொழி கூறினர். இத்தகையோர் எவரோடு கலந்தாலும் கரைந்துபோகார்.

அடுத்து, அலி பார்க்கா தூரே. இவர் ஜெலிக் குடியினரல்லர். நைஜர் ஆற்றங்கரை உழவர். ஊர்க் கருவிகளை முதலிற் பயின்று, பின்னரே கிற்றாரை ஏற்றார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைக் கேட்டபொழுது, இது எம் நாட்டிலிருந்து சென்றதன்றோ என்றே அவர் உணர்ந்தார். அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டுக் கடல் கடந்தோரின் நினைவு, நூற்றாண்டுகள் கழித்து இசைத்தட்டாய் மீண்டது. அமெரிக்கர் ரை கூடரோடு சேர்ந்து இவர் 1994இல் வெளியிட்ட இசைத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. எனினும் வயலை விட்டு வர இவர் இசைந்திலர். அடுத்த இசைத்தட்டின் பொருட்டு ஒலிப்பதிவாளரே கருவிகளைச் சுமந்துகொண்டு நியாபுங்கே என்னும் அவ்வூருக்குச் செல்ல வேண்டியதாயிற்று. ஊரின் பெயரே 1999இல் வந்த அவ்விசைத்தட்டின் பெயருமாயிற்று. 2004இல் ஊரவர் இவரை நகரத் தலைவராகத் தெரிந்தனர். சந்தை அவரிடம் சென்றது. அவர் சந்தைக்குச் சென்றாரல்லர்.

வாசுலுவின் ஊமு சங்காரே 1989இல் தம் முதற் பாடற்றொகுதியை வெளியிட்டார். 'பெண்டிர்' என்பது அதன் பொருள். இளைஞர் யாழும் மின்கிற்றாரும் அதில் ஒலித்தன. ஆனாற் பாடிய பொருளோ பலதார மணமும், விருப்பின்றிக் கட்டிவைக்கும் மணமும். இலட்சக்கணக்கான ஒலிநாடாக்களாக அது முதலிற் பரவியது மேற்காபிரிக்கச் சந்தைகளிலும் வீடுகளிலுமே. அப்பெண்டிர் கேட்டுத் தலையசைத்த பின்னரே வெளிநாட்டார் கேட்டனர். முப்பது ஆண்டு கழித்து, 2019இல், அமெரிக்கப் பாடகி பியோன்சே அத்தொகுதியிலுள்ள பாடலொன்றின் பகுதியைத் தம் பாட்டில் எடுத்தாண்டார். உலகம் அதனை ஓர் இனிய ஓசையாகக் கேட்டிருக்கலாம். அவ்வூரார்க்கோ அது பொருளுள்ள சொல்.

மரபுக்கு உற்ற பேரிடர் கலப்பினால் வந்ததன்று என்பதை 2012ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு வடமாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் இசையைத் தடைசெய்தன. வானொலி நிலையங்கள் வாய் மூடின, கருவிகள் எரியூட்டப்பட்டன. 2001 தொடக்கம் நிகழ்ந்து வந்த பாலைவன இசைவிழா 2012 சனவரியோடு மாலியில் நின்றது. மின்கிற்றாரும் சுரைக்குடுக்கையும் அத்தடையில் ஒரே குற்றவாளிகளாகவே நின்றன. பழையது, புதியது, தூயது, கலந்தது என்னும் நம் பாகுபாடுகளுள் எதனையும் அத்தீ அறிந்ததில்லை. தெற்கே ஓடிவந்த இளைஞர் சிலர் பமாக்கோவில் 'சொங்கோய் புளூஸ்' என்னுங் குழுவை அமைத்து, இழந்த ஊரைப் பாடினர்.

மூன்றாம் புரவலரும் நிலையானவரல்லர். அரசியற் பிணக்கினாற் பிரான்சு 2023 ஓகஸ்டில் மாலி, நைஜர், புர்க்கினா பாசோ நாட்டவர்க்கு விசா வழங்குவதை நிறுத்தியது. இந்நாட்டுக் கலைஞரோடு கூட்டுறவை இடைநிறுத்துமாறு கலை நிலையங்களுக்கு மடல் சென்ற செய்தி செப்டெம்பரில் வெளியாக, அங்குள்ள கலைஞரே எதிர்த்தனர். அமைச்சு, இது புறக்கணிப்பன்று எனப் பின்னர் விளக்கம் அளித்தது. பாரிசு மேடையை நம்பி வாழும் இசை, அம்மேடையின் வாயில் சாத்தப்படும்பொழுது யாரிடம் செல்லும்?

நான்காவது புரவலராக யான் காண்பது பள்ளிக்கூடம். கோரா தந்தையிடமிருந்து மைந்தனுக்கே செல்லும் என்பது பழைய முறை. காம்பியா நாட்டு ஜெலிக் குடும்பத்தில் வந்த சோனா ஜொபார்த்தே என்னும் பெண்மணி அம்முறையைக் கடந்து அக்கருவியிலே தேர்ந்தவர். அவர் 2015இல் காம்பியாவிலே ஒரு கல்விக்கூடத்தை நிறுவினார். ஆங்கு மாணவர் ஏனைய பாடங்களோடு தம் நாட்டு இசையையும் கற்கின்றனர். உலக மேடைகளிற் பெற்ற புகழைப் பிள்ளைகளின் கல்விக்குத் திருப்பியவர் அவர்.

இதனை யான் வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. பாணரைப் புரந்தோர் மறைந்தனர், பாணரும் மறைந்தனர், அவர் கையிலிருந்த யாழும் மறைந்தது. விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, 1947இல் 'யாழ் நூல்' என்னும் அரிய ஆராய்ச்சியை வெளியிட்டார். வாசிக்கும் கையொன்றேனும் எஞ்சாமையால், நரம்பின் தொகையையும் பண்ணின் நிலையையும் அவர் ஏட்டிலும் கணக்கிலும் தேட நேர்ந்தது. நைலோன் இழை கட்டிய கோராவைக் கண்டு முகஞ்சுளிப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கருவி இன்றும் பிள்ளைகளின் மடியில் இருக்கின்றது.

இளைஞர் கலப்பிசை கேட்கின்றனரே என ஆசிரியர்கள் வருந்துதல் கேட்டிருக்கின்றேன். கேட்கட்டும். கேட்ட பாட்டின் பழைய வடிவம் யாது, அதன் சொற்களுக்குப் பொருள் யாது என அவர்களை வினவுவோம். விடை கூற வல்லவராய் அவர்களை ஆக்குதலே நம் வேலை. அதன்மேல் எதனோடு எதனைச் சேர்ப்பது என்பதை அவர்களே தெரிந்துகொள்வர்.