கனம் எது? கணிப்பவர் யார்?



விதைநெல் தேரும் விதத்தைத் தஞ்சைத் தரணியில் எவருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. தொட்டித் தண்ணீரில் கோழி முட்டையைப் போடுவர். அது அடியில் அமரும். உப்பைக் கொட்டிக் கரைப்பர். கரைக்கக் கரைக்க முட்டை எழும். அதன் முதுகு ஒரு காசளவு வெளியே தெரிந்ததும், முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுவர். பதர் மிதக்கும், மணி மூழ்கும்.

பிரான்சு நாட்டு மருந்தாளர் அந்துவான் போமே 1768இல் செய்ததும் ஏறக்குறைய இதுவே. உப்புநீரைத் துணைகொண்டு திரவங்களின் அடர்த்திக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். தண்ணீரினும் இலேசான திரவங்களுக்குரிய கோலிலே, தண்ணீருக்கு அவர் தந்த இடம் 10. அந்தக் கோல் அமெரிக்க எண்ணெய் வணிகர் கைக்குப் போயிற்று. போன இடத்தில் ஒரு கோளாறும் புகுந்தது. 140 என்ற எண்ணை அடிப்படையாகக் கொண்டு செய்யவேண்டிய மிதவைமானிகளை 141.5 என்று செய்து, ஊரெங்கும் விற்றுவிட்டனர். கருவியைத் திருத்தினரோ? இல்லை! 1921இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் அந்தப் பிழையையே முறையாக்கி, ஏ.பி.ஐ. பாகை என்று பெயரும் சூட்டிற்று. இன்றளவும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் தரம் பேசப்படுவது அந்தப் பாகையால்தான். கல்லூரிப் படிப்பை முடிக்காத என்னைப் போன்றவனுக்கு இதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு, அது கிடக்கட்டும்.

இந்தக் கோல் தலைகீழ்க் கோல். எண்ணெய் இலேசாக ஆக எண் ஏறும். கனக்கக் கனக்க எண் இறங்கும். 31.1 பாகைக்கு மேற்பட்டது இலேசு ரகம். அதற்குக் கீழே 22.3 வரை நடுத்தரம். அதற்கும் கீழே, அதாவது ஒரு கன மீட்டர் 920 கிலோவுக்கு மேல் எடை காட்டினால், கனரகம். 10க்கும் கீழே போய்விட்டால் மிகு கனரகம். அந்த எண்ணெய் தண்ணீரிலே மிதவாது, மூழ்கும்! கனக்கும் எண்ணெயில் பெட்ரோலும் டீசலும் குறையும். தாரும் வண்டலும் மிகும். கந்தகம், நிக்கல், வனேடியம் கூடவே வரும். சுத்திகரிக்கத் தனி எந்திரம் வேண்டும். ஆகவே விலை இறங்கும். எடுப்பதும் எளிதன்று. குசராத்தின் மெகசானா வட்டாரத்தில், பலோல், சந்தால் வயல்களில், நிலத்தடியிலேயே எண்ணெயின் ஒரு பகுதிக்குத் தீமூட்டி, காற்றைச் செலுத்தி, அந்த வெப்பத்தால் மீதியை இளக்கி மேலே கொணர்கின்றனர்!

இந்தக் கோடுகள் இயற்கை கிழித்தவையா? 22.3 என்பார் ஒருவர். இல்லை, 20 என்பார் மற்றொருவர். சவூதியின் ‘அரபுக் கனரகம்’ 27 பாகை அளவில் நிற்பது. கோட்டின்படி நடுத்தரம், கடைத்தெருவிலோ கனம். வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆற்றுப்படுகையைப் பாருங்கள். அங்குள்ளது மிகு கனரகம். ‘எடுப்பது கடினம், ஏற்றுவது கடினம்’ என்று சொல்லி, 1990களில் அந்நியக் கம்பெனிகள் அந்நாட்டுக்குத் தந்த உரிமைத்தொகை நூற்றுக்கு ஒன்று! 2004இல்தான் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக உயர்த்தப்பட்டது. ஆறில் ஒன்று என்பது நம் பழந்தமிழ் மன்னர் கேட்ட இறை. நூறில் ஒன்று என்பது எந்த ஊர் நீதி? கனம் என்ற ஒரு சொல், ஒரு நாட்டின் கருவூலத்தை அத்தனை ஆண்டுகள் இலேசாக்கி வைத்தது!

இனி நம் மண். நரிமணத்தில் 1985இல் எண்ணெய் கண்டனர். 1993இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. நரிமணத்து எண்ணெய் கனரகமன்று. இலேசு ரகம், கந்தகமும் குறைவு. மேடையேறும் நம் நண்பர் சிலர் ‘தார்க்குழம்பு, தார்க்குழம்பு’ என்று முழங்குகிறார்கள். கைதட்டல் கிடைக்கும், எதிரிலே அமர்ந்திருக்கும் பொறியாளர் சிரிப்பார். வேண்டாம் அந்த வீண் வசனம். இலேசு என்பதால் இடரில்லை என்று ஆகிவிடாது. 2017 சூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து எண்ணெய் வயலிலே பரவியபோது, அது எத்தனை பாகை என்றா உழவன் கேட்டான்?

கேட்கவேண்டிய கேள்வி வேறு. 2010இல் மன்னார்குடி வட்டாரத்துக்கு ‘மீத்தேன்’ என்ற பெயரோடு வந்தனர். மக்கள் மறுத்தனர், 2015இல் மாநில அரசு தடுத்தது. 2016இல் டில்லி கொள்கையை மாற்றிற்று: எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், களிப்பாறை வாயு ஆகிய அனைத்துக்கும் ‘ஹைட்ரோகார்பன்’ என்று ஒரே பெயர், ஒரே உரிமம்! 2017இல் நெடுவாசல் கொதித்தெழுந்தது அந்தப் பெயர் கேட்டுத்தான். 2025ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், எண்ணெய் வயல் சட்டத்தில் ‘கனிம எண்ணெய்’ என்ற சொல்லின் பொருளையே இவ்வாறு விரித்துவிட்டது. எண்ணெய் வயல்களோ அரசமைப்பின் மத்தியப் பட்டியலில், 53ஆம் இனத்தில் உள்ளவை. விலை பேசும் வேளையில் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணையும் விடாது பார்க்கும் உலகம், நிலம் கேட்கும் வேளையில் மட்டும் எல்லாம் ஒன்றே என்கிறது. நாடகத்தில் இரட்டை வேடம் போடும் நடிகருக்குக்கூட இத்தனை விரைவு வாராது!

அதே உழவன் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரட்டும். அங்கே 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் மூட்டை ஒதுக்கப்படும். மழை பெய்தால் வரம்பைத் தளர்த்தச் சொல்லி டில்லிக்கு எழுதி, விடைக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கையில் நெல் முளைவிடும். 2025-26 பருவத்தில் பொது ரகத்துக்கும் சன்ன ரகத்துக்கும் மத்திய அரசின் ஆதரவு விலையில் வேறுபாடு குவிண்டாலுக்கு 20 ரூபாய். அதற்கு அரிசியின் நீளமும் அகலமும் அளக்கப்படும்!

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது. எண்ணெய், எரிவாயு, மீத்தேன், களிப்பாறை வாயு எனத் தனித்தனியே பெயர் சொல்லித் தடுக்கிறது. நல்லது. ஆனால் முன்பே நடந்துவரும் பணிகளை அது தொடாது. ஆகவே தோழர்களே, அடுத்த கிராம சபைக்குப் போகும்போது, உங்கள் ஊர் எல்லையிலுள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் எந்த ஆண்டில், எந்தப் பெயரில், எதை எடுக்க அனுமதி தரப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள்; விடையையும் எழுத்திலேயே வாங்குங்கள்.